சிகாகோ பள்ளிகள்: பிள்ளைக்கு 32,000 டாலர் என்கிறார்கள், நூலகம் ஏன் பூட்டிக் கிடக்கிறது?

ஆல்பனிபார்க்_அம்மா:

வணக்கம். கோவையிலிருந்து வந்து நான்கு வருஷம் ஆகிறது. சிகாகோ நகரத்துக்குள்ளேயே ஆல்பனி பார்க்கில் வாடகை வீடு. மகள் மூன்றாம் வகுப்பு, மகன் இந்த வருஷம்தான் கிண்டர்கார்டன். இரண்டு பேரும் வீட்டிலிருந்து எட்டு நிமிஷம் நடந்தால் வருகிற சாதாரண சிபிஎஸ் (சிகாகோ நகர அரசுப் பள்ளி நிர்வாகம்) பள்ளியில் படிக்கிறார்கள். தேர்வு எழுதியோ குலுக்கலில் போட்டோ வாங்கிய இடம் இல்லை, எங்கள் தெருவுக்கு உரிய பள்ளி.

போன வாரம் பெற்றோர் சந்திப்புக்குப் போயிருந்தேன். மகளின் ஆசிரியை தங்கமான பெண். வகுப்பில் 29 பிள்ளைகள். வீட்டில் பேசுகிற மொழிகளை எண்ணினால் ஏழு வருகிறது. நான்கைந்து பேர் இரண்டு வருஷத்துக்கு முன்பு வெனிசுவேலாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். அத்தனை பேரையும் அவர் ஒருவரே பார்த்துக்கொள்கிறார். வெளியே வரும்போது நூலக அறையைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அலமாரி நிறையப் புத்தகம், கதவில் பூட்டு. நூலகர் பணியிடமே இல்லையாம், அதனால் திறப்பதில்லை என்றார்கள். இசை ஆசிரியர் வாரத்தில் பாதி நாள் இங்கே, மீதி நாள் வேறொரு பள்ளியில்.

அன்று இரவே செய்தியில் சிபிஎஸ்ஸின் 2025-26 பட்ஜெட் 10.25 பில்லியன் டாலர், மாணவர்கள் 3,16,000 பேர் என்று படித்தேன். வகுத்துப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு 32,000 டாலருக்கு மேல். அப்படியென்றால் என் மகளின் அந்த ஒரு வகுப்பறைக்கு மட்டும் ஒன்பது லட்சம் டாலருக்கு மேல் வர வேண்டும். எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்தப் பணம் எங்கே போகிறது? யாராவது திருடுகிறார்களா, அல்லது எனக்குக் கணக்குப் புரியவில்லையா?

கணவர் புறநகரில் நேப்பர்வில் பக்கம் போய்விடலாம் என்கிறார். எனக்கு இந்தத் தெருவும் இந்தப் பிள்ளைகளும் பிடித்திருக்கிறது. ஆனால் நகரத்தில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள், பள்ளிகளை மூடுவார்கள் என்று வேறு பேச்சு வருகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரவுசெலவு:

சகோதரி, நீங்கள் வகுத்தது சரி. ஆனால் அந்த 10.25 பில்லியன் முழுவதும் பள்ளிக்கூடத்துக்குள் போகிற பணம் இல்லை. நான் சிபிஎஸ்ஸில் வேலை செய்யவில்லை, வேறொரு உள்ளாட்சியின் நிதிப் பிரிவில் இருக்கிறேன். ஆனால் என் வீட்டுச் சொத்து வரி ரசீதில் பாதிக்கு மேல் சிபிஎஸ்ஸுக்குத்தான் போகிறது என்பதால் இதை வருஷா வருஷம் உட்கார்ந்து படிக்கிறேன்.

முதலில் கடன். கட்டடம் கட்டவும் கூரை மாற்றவும் வாங்கிய பழைய கடன் மொத்தம் ஒன்பது பில்லியன் டாலர் அளவுக்கு நிற்கிறது. அதற்கு வட்டியும் அசலுமாக வருஷத்துக்கு 800 மில்லியனுக்குக் குறையாமல் போகிறது. 2015 வாக்கில் சிபிஎஸ் கடன்பத்திரங்களின் தரம் குப்பைப் பத்திரம் என்கிற அளவுக்கு இறங்கிவிட்டது. அந்த நேரத்தில் கூடுதல் வட்டிக்கு வாங்கியதை எல்லாம் இன்றைக்கும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது ஓய்வூதியம். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கதை புரிந்துவிடும். இல்லினாய் மாநிலத்தில் நேப்பர்வில், ஷாம்பர்க் என்று எந்த ஊரில் ஆசிரியராக இருந்தாலும் ஓய்வூதியத்துக்கு வேலை கொடுப்பவர் கட்ட வேண்டிய பங்கில் பெரும்பகுதியை மாநில அரசே கட்டிவிடுகிறது. சிகாகோவுக்கு மட்டும் 1895-லிருந்து தனி ஓய்வூதிய நிதியம், அதை நிரப்புகிற பொறுப்பு முக்கியமாக இந்த ஊர் வரி கட்டுபவர் தலையில். 1995-ல் பள்ளி நிர்வாகத்தை மேயர் கையில் கொடுத்த சட்டத்திலேயே ஓய்வூதியத்துக்கென்று தனியாக வசூலித்த வரியைப் பொதுச் செலவோடு கலந்துவிட்டார்கள். அப்போது நிதியம் நல்ல நிலையில் இருந்தது, அதனால் சுமார் பத்து வருஷம் நிர்வாகம் தன் பங்கைக் கிட்டத்தட்ட கட்டவே இல்லை. அந்தப் பணத்தில் சம்பளம் கொடுத்தார்கள், பள்ளி கட்டினார்கள், எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு 2010-ல் இன்னொரு சட்டம், இன்னும் மூன்று வருஷத்துக்குக் குறைவாகக் கட்டினால் போதும் என்று. இன்று அந்த நிதியத்தில் இருக்க வேண்டிய பணத்தில் பாதிகூட இல்லை. 2017-ல்தான் தனி வரியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், மாநிலமும் ஒரு பகுதியைக் கட்டத் தொடங்கியது. இருந்தும் எல்லாக் கைகளிலிருந்தும் சேர்த்து வருஷத்துக்குச் சுமார் ஒரு பில்லியன் டாலர் அந்தப் பள்ளத்தை நிரப்பவே போகிறது. இப்போது மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அதில் ஒரு பென்சில்கூட வராது. ஆனால் அது முப்பது வருஷம் பாடம் நடத்தியவர்களின் பணம், நிறுத்தவும் முடியாது, நிறுத்தவும் கூடாது.

வரவுப் பக்கம் வாருங்கள். ஏறக்குறைய பாதி சொத்து வரி. அதை ஒரு வருஷத்தில் ஐந்து சதவீதம் அல்லது விலைவாசி உயர்வு, இதில் எது குறைவோ அந்த அளவுக்கு மேல் ஏற்ற முடியாது என்று மாநிலச் சட்டம் இருக்கிறது. மாநில உதவி 2017-லிருந்து புதுக் கணக்கில் வருகிறது: ஒரு பள்ளி மாவட்டத்தில் (ஒரே நிர்வாகத்தின் கீழ் வரும் பள்ளிகள்) எத்தனை பிள்ளைகள், அதில் எத்தனை பேர் ஏழை, எத்தனை பேர் ஆங்கிலம் கற்பவர்கள் என்று பார்த்து, இவர்களுக்கு நியாயமாக இவ்வளவு வேண்டும் என்று ஒரு இலக்குத் தொகை போடுவார்கள். நல்ல முறை, நான் இதை மனதார ஆதரிக்கிறேன். ஆனால் மாநிலம் முழுமைக்கும் சேர்த்து வருஷத்துக்குக் குறைந்தது 350 மில்லியன் புதிதாகப் போட வேண்டும் என்பதுதான் சட்டம், இத்தனை ஊர்களுக்குப் பிரித்தால் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. மாநிலமே போட்ட இலக்கைச் சிகாகோ இன்னும் எட்டவில்லை.

இடையில் கோவிட் நிவாரணமாக மத்திய அரசிடமிருந்து 2.8 பில்லியன் வந்தது. அதை வைத்துக் கூடுதல் ஆட்களை எடுத்தார்கள், அந்தப் பிள்ளைகளுக்கு அது அவசியமாகவும் இருந்தது. 2024 செப்டம்பரோடு அந்தப் பணம் முடிந்தது, ஆட்களின் சம்பளம் மட்டும் தொடர்கிறது. அதனால்தான் 2025-26-க்கு 734 மில்லியன் பற்றாக்குறை என்று 2025 கோடையில் தலைப்புச் செய்தி வந்தது. நகராட்சி தன் டிஃப் நிதியில் (ஒரு பகுதியில் சொத்து வரி ஏறினால் அந்த உயர்வைத் தனியாக ஒதுக்கிவைக்கும் கணக்கு, 23 வருஷம் வரை வைக்கலாம்) மிச்சமானதைப் பிரித்துக் கொடுப்பதை நம்பித்தான் பட்ஜெட்டைச் சமன் செய்தார்கள். அது ஒரு வருஷம் வரும், ஒரு வருஷம் வராது. நிரந்தர வேலைக்கு அப்படிப்பட்ட பணத்தை நம்பிச் சம்பளம் போடுவது எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஆக, திருட்டு இல்லை. பழைய பாக்கி. உங்கள் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே ஏற்றி வைத்த பாக்கி.

நேப்பர்வில்_அப்பா:

மேலே சொன்னது சரி. நாங்கள் நகரத்திலிருந்து இங்கே வந்து ஆறு வருஷம் ஆகிறது. இங்கே சொத்து வரி அதிகம்தான், ஆனால் ஓய்வூதியத்தை மாநிலம் பார்த்துக்கொள்வதால் கட்டுகிற வரியில் பெரும்பகுதி வகுப்பறையில் கண்ணுக்குத் தெரிகிறது. நூலகம் திறந்திருக்கிறது, இசைக் குழு இருக்கிறது, மஞ்சள் பஸ் வீட்டுப் பக்கம் வருகிறது.

அதே சமயம் ஒன்று சொல்ல வேண்டும். என் பெரியவன் சிகாகோவில் இரண்டாம் வகுப்பு வரை படித்தபோது அவன் ஆசிரியைகள் இங்கே இருப்பவர்களுக்குக் கொஞ்சமும் குறைந்தவர்கள் இல்லை. ஒருவர் இன்றும் அவனுக்குப் பிறந்தநாள் கடிதம் போடுகிறார். வீட்டுக் கடன், இரண்டு கார், கணவரின் பயண நேரம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பிள்ளைகள் சின்னவர்கள், அவசரம் இல்லை.

வகுப்பறை_அக்கா:

நான் சிபிஎஸ்ஸில் சிறப்புக் கல்வி ஆசிரியை, 14 வருஷம். பணத்தைப் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார். ஆட்களைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் “பிள்ளைகள் குறைகிறார்கள், ஊழியர்கள் கூடுகிறார்கள், இது என்ன நியாயம்” என்று தொலைக்காட்சியில் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

நான் சேர்ந்த புதிதில் எங்கள் பள்ளிக்கு நர்ஸ் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். அந்த ஒரு நாளைத் தவிர மீதி நான்கு நாளும் சர்க்கரை நோய் இருக்கிற பிள்ளைக்கு யார் பார்ப்பது என்று அலுவலகத்தில் இருக்கும் கிளார்க்கும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்போம். 2019-ல் 11 பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் செய்தோமே, அதில் முக்கியமான கோரிக்கையே ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு நர்ஸ், ஒரு சோஷியல் வொர்க்கர் என்பதுதான். குளிரில் சிவப்புச் சட்டையோடு நின்றது இன்னும் நினைவிருக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினோம், கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் வந்தார்கள். பட்டியலில் “கூடிய ஊழியர்கள்” என்று வருகிறவர்களில் இவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்று என் துறை. எங்கள் பிள்ளைகளில் சுமார் ஆறில் ஒருவருக்கு ஐஇபி இருக்கிறது, அதாவது அந்தப் பிள்ளைக்கு வாரத்தில் இத்தனை நிமிஷம் பேச்சுப் பயிற்சி, இத்தனை நிமிஷம் தனி உதவி என்று சட்டப்படி எழுதிய திட்டம். அதை நிர்வாகம் சரியாகக் கொடுக்கவில்லை என்று 2018-ல் மாநிலக் கல்வி வாரியமே கண்டுபிடித்து மேற்பார்வைக்கு ஆள் போட்டது. அதற்குப் பிறகு உதவியாளர்களை அதிகமாக எடுத்தார்கள். ஒரு பிள்ளையைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக, சக்கர நாற்காலியைத் தள்ள, கோபம் வரும்போது பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும். மொத்தப் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் இந்தத் தேவையும் அதே அளவில் குறையும் என்று நினைக்காதீர்கள்.

இவ்வளவு சேர்த்தும் பற்றாக்குறை எங்கே தெரிகிறது என்றால் நீங்கள் பார்த்த அதே இடத்தில். 2012 வாக்கில் இந்த மாவட்டத்தில் 450-க்கும் மேல் நூலகர்கள் இருந்தார்கள். பத்து வருஷத்தில் நூறுக்கும் கீழே போய்விட்டது. அதற்கு முக்கியக் காரணம் 2013-ல் கொண்டுவந்த முறை: தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்குப் பணம், முதல்வர் அதை வைத்து யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பள்ளி திறந்து 20-ஆம் நாள் தலை எண்ணுவார்கள், அதில் பதினைந்து பிள்ளை குறைந்தால் ஒரு ஆளை விட வேண்டும். வகுப்பாசிரியரை விட முடியாது, அப்புறம் யார் போவார்? நூலகர் போனார், ஓவிய ஆசிரியர் போனார். ஏழைப் பகுதிப் பள்ளிகளில்தான் முதலில் போனார்கள், ஏனென்றால் அங்கேதான் பிள்ளைகள் வேகமாகக் குறைந்தார்கள். 2024-25-லிருந்து அந்த முறையைக் கைவிட்டுவிட்டார்கள். இப்போது சின்னப் பள்ளியாக இருந்தாலும் குறைந்தபட்சம் இத்தனை ஆசிரியர், ஒரு ஆலோசகர், ஒரு துணை முதல்வர் என்று பணியிடமாகவே கொடுக்கிறார்கள், வறுமை அதிகமுள்ள இடத்துக்குக் கூடுதலாக. 2025 ஒப்பந்தத்தில் நூலகர்களைக் கூட்டவும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பள்ளிக்கு எப்போது வரும் என்பதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கேட்காத பள்ளிக்குத் தானாக வந்து நான் பார்த்ததில்லை.

பஸ்ஸைப் பற்றியும் ஒரு வரி. ஓட்டுநர்கள் போதாததால் 2023-ல் ஐஇபி பிள்ளைகளுக்கும் வீடில்லாத பிள்ளைகளுக்கும் மட்டும் பஸ் என்று முடிவெடுத்தார்கள். தூரத்துப் பள்ளியில் இடம் கிடைத்தால் சந்தோஷப்படுவதற்கு முன்பு எப்படிப் போய்வருவது என்று யோசியுங்கள்.

ஸ்டேட்_தெரு_98:

நான் 1998-ல் இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தில் எம்.எஸ். படிக்க வந்தவன். தெற்குப் பக்கம், பிரான்ஸ்வில். விடுதி ஜன்னலைத் திறந்தால் ஸ்டேட் தெருவில் அரசுக் குடியிருப்புக் கோபுரங்கள் வரிசையாகத் தெரியும். கொஞ்சம் தெற்கே தள்ளிப் போனால் ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ், பதினாறு மாடியில் 28 கட்டடம். காலையில் பை மாட்டிக்கொண்டு அங்கிருந்து பிள்ளைகள் கும்பல் கும்பலாகப் பள்ளிக்கு நடப்பார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக இடித்தார்கள், 2007-ல் கடைசிக் கட்டடமும் போனது. அங்கே இருந்த குடும்பங்கள் புறநகருக்கும் இண்டியானாவுக்கும் இன்னும் தெற்கு மாநிலங்களுக்கும் சிதறின. வீட்டை இடித்தால் பள்ளி காலியாகாமல் என்ன செய்யும்? இன்று “இந்தப் பள்ளியில் பாதி இடம் காலி” என்று சொல்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

எண்ணிக்கையைப் பாருங்கள். 2000 வாக்கில் சிபிஎஸ்ஸில் 4,30,000-க்கும் மேல் பிள்ளைகள், அதில் பாதிக்குச் சற்று அதிகம் கறுப்பினப் பிள்ளைகள். இன்று 3,16,000. இப்போது ஏறக்குறைய 47 சதவீதம் லத்தீனோ, மூன்றில் ஒரு பங்கு கறுப்பினம், 11 சதவீதம் வெள்ளையர், ஆசியர் ஐந்து சதவீதத்துக்கும் கீழே. ஊர் மக்கள்தொகையில் வெள்ளையர் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1980-ல் சிகாகோவில் சுமார் 12 லட்சம் கறுப்பின மக்கள் இருந்தார்கள், 2020 கணக்கெடுப்பில் எட்டு லட்சத்துக்கும் கீழே. பில்சன், லிட்டில் வில்லேஜ் பக்கம் லத்தீனோ குடும்பங்களிலும் பிறப்பு குறைந்திருக்கிறது, வாடகையும் ஏறிவிட்டது. இடையில் டெக்சாஸ் எல்லையிலிருந்து பஸ்ஸில் அனுப்பப்பட்டு வந்த குடும்பங்களால்தான் 2023-லும் 2024-லும் எண்ணிக்கை கொஞ்சம் ஏறியது, பத்து வருஷத்துக்கும் மேல் இறங்கிக்கொண்டே இருந்த பிறகு. 2025 இலையுதிர்காலத்தில் மறுபடி ஒன்பதாயிரம் பேர் குறைந்தார்கள். மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற அந்த வெனிசுவேலாப் பிள்ளைகளை யாராவது சுமையாகப் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் வந்ததால் பிழைத்த வகுப்பறைகள் உண்டு.

இதே பள்ளிகள் ஒரு காலத்தில் நிரம்பி வழிந்தவை. 1960-களில் கறுப்பினப் பகுதிகளில் இடம் போதாமல் இரண்டு ஷிஃப்ட் நடந்தது, விளையாட்டுத் திடலில் தகர வண்டி வகுப்பறைகளை நிறுத்தினார்கள். வெள்ளையர் பகுதிப் பள்ளிகளில் காலி இடம் இருந்தும் அங்கே அனுப்பவில்லை. அதை எதிர்த்து 1963 அக்டோபரில் ஒரே நாளில் இரண்டு லட்சத்துக்கும் மேல் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் இருந்தார்கள். நிரம்பியபோதும் அவர்களுக்கு அநியாயம், காலியானபோதும் அவர்களுக்கே.

2013-ல் மேயர் ராம் எமானுவேல் காலத்தில் ஒரே வீச்சில் சுமார் 50 பள்ளிகளை மூடினார்கள். பாதிக்கப்பட்ட பன்னிரண்டாயிரம் பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேர் கறுப்பினம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் 2018-ல் வெளியிட்ட அறிக்கையில், மூடப்பட்ட பள்ளியின் பிள்ளைகள் கணக்குப் பாடத்தில் பின்தங்கியது வருஷக்கணக்காக நீடித்தது என்று இருந்தது. அந்த அறிக்கை சொல்வதற்கு முன்பே நாங்கள் தெருவில் பார்த்தோம். தெரியாத தெருவைக் கடந்து தெரியாத பள்ளிக்குப் போக ஏழு வயசுப் பிள்ளை பயந்து நின்றதைப் பார்த்தோம்.

அதனால் இன்னொரு முறை மூடலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு ஏற்க முடியாது.

வரவுசெலவு:

ஸ்டேட் தெரு அண்ணா, உங்கள் வலி நியாயமானது, 2013-ஐ நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் மேற்குப் பக்கம் ஆஸ்டினில் ஃப்ரெடெரிக் டக்ளஸ் உயர்நிலைப் பள்ளி இருக்கிறதே, தொள்ளாயிரம் பேர் படிக்கக் கட்டிய கட்டடத்தில் 28 பிள்ளைகள், தலைக்குச் செலவு 93,000 டாலர் என்று 2025-ல் செய்தி வந்தது. செலவை விடுங்கள். 28 பேர் இருக்கிற உயர்நிலைப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு இயற்பியல், இசை, கால்பந்து, நான்கு நல்ல நண்பர்கள் எல்லாம் எங்கே கிடைக்கும்? மாவட்டத்தில் பத்துப் பள்ளியில் மூன்று பாதிக்கு மேல் காலி. அத்தனை கட்டடத்துக்கும் சூடேற்ற வேண்டும், கூரை பார்க்க வேண்டும். அந்தப் பணம்தான் ஆல்பனி பார்க் நூலகருக்கும் ஆஸ்டின் பிள்ளையின் இசை ஆசிரியருக்கும் போக வேண்டிய பணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்டேட்_தெரு_98:

டக்ளஸ் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன், அந்தப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்லது கிடைக்க வேண்டும். ஆனால் டையட் பள்ளியையும் பாருங்கள். பிரான்ஸ்வில்லில் இருக்கிற உயர்நிலைப் பள்ளி. 2012-ல் படிப்படியாக மூடுவது என்று முடிவெடுத்து 2015-ல் கடைசி வகுப்பும் வெளியே போனது. அப்போது பெற்றோரும் அக்கம்பக்கத்தாரும் 34 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். நான் வேலை முடிந்து போகும்போது தினமும் அந்தப் பூங்கா ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன், தண்ணீரும் பழச்சாறும் மட்டும். 2016-ல் கலைக்கான பள்ளியாகத் திரும்பத் திறந்தார்கள். 2025-ல் அந்தப் பள்ளிப் பையன்கள் மாநில கூடைப்பந்துக் கோப்பையை ஜெயித்தார்கள். காலியாக இருந்தது என்று மூடிய அதே கட்டடம்தான்.

அந்தப் பகுதி ஆட்களை உட்காரவைத்து, என்ன சேர்த்தால் உங்கள் பிள்ளை இங்கே வருவான் என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகும் முடியவில்லை என்றால் இரண்டு பள்ளியை அவர்கள் சம்மதத்தோடு சேர்க்கட்டும். தாளில் சதவீதம் பார்த்து முடிவெடுத்தால் மறுபடி 2013 தான்.

வரவுசெலவு:

அந்த வரிசையில் செய்தால் நானும் உங்கள் பக்கம்தான். 2025 ஜனவரியிலிருந்து பள்ளிகளை நிர்வகிக்க 21 பேர் வாரியம், அதில் பத்துப் பேர் தேர்தலில் வந்தவர்கள். 2027-ல் 21 பேருமே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருப்பார்கள். முப்பது வருஷம் மேயர் நியமித்தவர்கள் முடிவெடுத்ததைவிட அப்போது தெருக்காரர்கள் பேச்சு ஏறும் என்று நம்புகிறேன்.

ஆல்பனிபார்க்_அம்மா:

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன், கணவருக்கும் படித்துக் காட்டினேன். ஓய்வூதியக் கணக்கு அவருக்கும் புதிது. மிக்க நன்றி.

ஒரு சந்தேகம். பள்ளியில் சேர்க்கும்போது வீட்டில் பேசும் மொழி என்ன என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். தமிழ் என்று எழுதினால் மகனைத் தனி வகுப்பில் போட்டுவிடுவார்களோ என்று பயந்து ஆங்கிலம் என்று எழுதிவிட்டேன். அவன் வீட்டில் தமிழ்தான் பேசுகிறான், ஆங்கிலம் இப்போதுதான் வருகிறது. தப்பு செய்துவிட்டேனா?

வகுப்பறை_அக்கா:

பயப்படாதே அம்மா, நம் ஆட்களில் நிறையப் பேர் இப்படித்தான் எழுதுகிறார்கள். பள்ளி அலுவலகத்தில் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்குப் பொறுப்பான ஆசிரியர் யார் என்று கேட்டு அவரிடம் உண்மையைச் சொல். ஒரு சின்னப் பரிசோதனை வைத்துப் பார்ப்பார்கள். ஒரே பள்ளியில் ஒரே மொழி பேசுகிற, ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் 20 பேர் இருந்தால்தான் இல்லினாய் சட்டப்படி அந்த மொழியிலும் பாடம் நடத்த வேண்டும். தமிழுக்கு அந்த எண்ணிக்கை வருவது அபூர்வம். மற்றபடி வகுப்புக்குள்ளேயோ சிறிது நேரம் வெளியே கூப்பிட்டோ உதவுவார்கள். பிடிக்கவில்லை என்றால் எழுத்தில் வேண்டாம் என்று சொல்கிற உரிமையும் உனக்கு உண்டு.

இன்னொரு விஷயம். மாநிலம் இலக்குத் தொகை போடும்போது ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்குக் கூடுதலாகச் சேர்க்கிறது என்று அண்ணன் சொன்னார் அல்லவா, நீ ஆங்கிலம் என்று எழுதினால் உன் மகன் அந்தக் கணக்கில் வரவே மாட்டான். வருமானப் படிவமும் அப்படித்தான். 2014-லிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் சாப்பாடு இலவசம் என்பதால் அதை யாரும் நிரப்புவதில்லை. ஆனால் பள்ளிக்கு வரும் சில நிதிகள் அதை வைத்துத்தான் வருகின்றன. நம்முடைய வருமானம் எதுவாக இருந்தாலும் நிரப்பிக் கொடு, பக்கத்து வீட்டாரையும் நிரப்பச் சொல்.

அப்புறம் நூலகம். உங்கள் பள்ளியில் எல்எஸ்சி இருக்கும், பள்ளிக்கான உள்ளூர் கவுன்சில். 1988 சட்டத்தில் வந்தது. ஆறு பெற்றோர், இரண்டு ஊர்க்காரர், இரண்டு ஆசிரியர், ஒரு ஊழியர், முதல்வர். முதல்வரைத் தேர்ந்தெடுப்பதும் பள்ளி பட்ஜெட்டுக்கு ஒப்புதல் கொடுப்பதும் அவர்கள்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல். அதில் நிற்கவோ ஓட்டுப் போடவோ அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை, எச்1பி விசாவில் இருந்தாலும் நிற்கலாம். இது நம் ஆட்கள் யாருக்கும் தெரிவதில்லை.

ஆல்பனிபார்க்_அம்மா:

இன்று காலை மகனை விட்டுவிட்டு நேராக அலுவலகத்துக்குப் போனேன். மொழிப் படிவத்தைப் பற்றிச் சொன்னதும் அந்தப் பொறுப்பாசிரியை வெள்ளிக்கிழமை வரச் சொல்லிவிட்டார், திட்டவில்லை. கவுன்சிலில் பெற்றோருக்கான ஆறு இடத்தில் இரண்டு காலியாக இருக்கிறதாம், யாரும் விண்ணப்பிக்கவில்லையாம். விண்ணப்பம் கையோடு வாங்கி வந்துவிட்டேன். அடுத்த கூட்டம் செவ்வாய் மாலை ஐந்தரைக்கு.

கணவர் நேப்பர்வில் பேச்சை ஜூன் வரை தள்ளி வைக்கலாம் என்றார். வரவுசெலவு அண்ணா, பள்ளியின் பட்ஜெட் தாளைக் கொடுத்தார்கள், நான்கு பக்கம், பணியிடப் பெயரெல்லாம் எண்களில் இருக்கிறது. செவ்வாய்க்குள் படித்துப் புரிந்துகொள்ள உதவ முடியுமா? நூலகர் பணியிடத்தை எந்த வரியில் கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

வரவுசெலவு:

நான்கு பக்கத்தையும் படம் எடுத்து இங்கேயே போடுங்கள், பிள்ளைகள் பெயர் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு. ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து வரிக்கு வரி எழுதித் தருகிறேன். முதலில் மாவட்டம் பணியிடமாகவே கொடுத்தது எது, முதல்வர் விருப்பப்படி செலவு செய்யக் கூடிய பணம் எவ்வளவு என்று இரண்டையும் பிரித்துக்கொள்வோம். நூலகருக்கான கேள்வி அந்த இரண்டாவதில்தான் வரும்.